மஞ்சள் மீனுக்கு வந்த புள்ளி

மஞ்சள் மீனின் முதுகில் யாரோ உப்பைத் தூவிவிட்டது போல இருந்தது.

பொடிசு கண்ணாடித் தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். மீன் பாறை ஓரமாகப் போய் ‘சரக்’கென்று உடம்பைத் தேய்த்தது. அரிப்பு போலிருக்கிறது.

“மாமா! கொஞ்சம் இங்க வாங்களேன்!”

தையல் மிஷின் சத்தம் நின்றது. மாமா கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்தார்.

அந்தத் தொட்டி அம்மாவுடையது. அம்மா ரயில் ஓட்டுகிறவள். வேலைக்குப் போனால் மறுநாள்தான் வருவாள். வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். தொட்டியில் இருப்பது சாதாரணத் தண்ணீர் இல்லை, கடல் மாதிரியே உப்புத் தண்ணீர். அதில் பவளம் உண்டு, நத்தைகள் உண்டு, இரண்டு கோமாளி மீன்கள் உண்டு. சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு போட்ட இறால் ஒன்றும் உண்டு. அது மீன்களின் மேல் ஏறி அழுக்கைக் கொறித்துச் சுத்தம் செய்வதால், அதற்கு ‘டாக்டர்’ என்று பெயர்.

மஞ்சள் மீன் மட்டும் புதுசு. அக்கா சந்தோஷப்படுவாளே என்று போன வாரம் மாமாதான் ஆசை ஆசையாக வாங்கி வந்து, நேராகத் தொட்டியில் விட்டார்.

“கோமாளி மீன் மேலயும் புள்ளி இருக்கு மாமா.”

மாமாவின் முகம் சுருங்கிப்போனது. “ஐயையோ! நான் வாங்கிட்டு வந்த மீனாலதான் எல்லாத்துக்கும் ஒட்டிக்கிச்சு. உங்கம்மா மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

செருப்பை மாட்டினார். வண்டியைக் கிளப்பினார். போன வேகத்திலேயே ஒரு மருந்து பாட்டிலோடு திரும்பி வந்தார்.

“மீன் மேல இருக்கிற பூச்சியைக் கொல்ற மருந்தாம். இதைத் தொட்டில ஊத்திட்டா போதும். உங்கம்மா வர்றதுக்குள்ள எல்லாம் சரியாயிடும்.”

மாமா மூடியைத் திருகினார். பொடிசு சட்டென்று தொட்டிக்கு மேல் இரண்டு கைகளையும் விரித்தாள்.

“இருங்க மாமா. டாக்டரை என்ன பண்ணும்?”

“எந்த டாக்டர்?”

“நம்ம இறால் மாமா! பூச்சியைக் கொல்லும்னா இறாலையும் கொல்லுமோ என்னமோ? நத்தை வேற இருக்கு. வளர்ப்பு மீன் கடை அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஊத்துங்களேன்.”

மாமாவுக்குப் பொறுமை இல்லைதான். ஆனாலும் போன் செய்தார்.

“ஐயோ, ஊத்திடாதீங்க!” மீன் கடை அக்காவின் குரல் போனைத் தாண்டி வெளியே கேட்டது. “அதுல செம்பு இருக்கு. அளவாப் போட்டா மீன் தாங்கும். இறாலு, நத்தை, பவளம் ஒண்ணும் மிஞ்சாது. மீனை மட்டும் வேற தொட்டிக்கு மாத்தி, அங்க மருந்து போடுங்க.”

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “நல்லவேளை! ஒரே நிமிஷத்துல மொத்தத்தையும் காலி பண்ணியிருப்பேனே!”

“அதான் பண்ணலையே மாமா. எழுந்திருங்க, வேலை கிடக்கு.”

மீன் கடையிலிருந்தே ஒரு காலித் தொட்டி வந்தது. அம்மா கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீரை மாமா வாளி வாளியாகத் தூக்கி ஊற்றினார். தண்ணீரைச் சூடாக்கும் குழாயும் காற்றுக்குழாயும் மாட்டியாயிற்று. இனி மீனைப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

அங்கேதான் சிக்கல்.

மாமா வலையை இடதுபுறம் விட்டால் மீன்கள் வலதுபுறம். வலதுபுறம் விட்டால் பாறை இடுக்கில். சட்டை நனைந்தது, தரை நனைந்தது. கடைசியில் வலையில் சிக்கியது மாமாவின் அளவு நாடா மட்டும்தான்.

“பாறையெல்லாம் வெளிய எடுத்துட வேண்டியதுதான்” என்றார் மாமா, மூச்சு வாங்க.

பொடிசு மீன்களைப் பார்த்தாள். அவற்றுக்கும்தான் மூச்சு வாங்கியது. செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது.

“போதும் மாமா. காய்ச்சல்காரங்களைப் போய் யாராவது துரத்துவாங்களா?”

மாமா வலையை மெல்லக் கீழே வைத்தார்.

பொடிசு யோசித்தாள். தினமும் அவள் தீனி போடும் மூலைக்கு மீன்கள் தாமாகவே ஓடி வருமே! அலமாரியிலிருந்து அகல வாய்க் கண்ணாடி ஜாடி ஒன்றை எடுத்துக் கழுவினாள். உள்ளே கொஞ்சம் தீனி போட்டு, அந்த மூலையிலேயே படுக்க வைத்தாள்.

“இப்ப அசையாம உட்காரணும். பேசவும் கூடாது.”

முதலில் ஜாடிக்குள் நுழைந்தது டாக்டர். அத்தனை தீனியையும் ஒன்று விடாமல் தின்று முடித்துவிட்டு, மீசையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தது. மாமா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

அடுத்த தடவை டாக்டருக்கு எதிர் மூலையில் தனி விருந்து வைத்தாள். கோமாளி மீன்கள் ஜோடியாக ஜாடிக்குள் வந்தன. பொடிசு உள்ளங்கையால் ஜாடியின் வாயை மூடி, நிதானமாகத் தூக்கிப் புதுத் தொட்டியில் விட்டாள்.

மஞ்சள் மீன் மட்டும் வரவே இல்லை.

“அதுக்கு இந்தத் தீனி பிடிக்கல போல” என்று கிசுகிசுத்தாள். அது வந்த நாளிலிருந்து பாறையில் படிந்த பாசியைத்தான் மேய்ந்துகொண்டிருந்தது. அம்மாவின் பெட்டியில் காய்ந்த கடல்பாசி இருந்தது. அதில் ஒரு துண்டைக் கிழித்து ஜாடிக்குள் செருகினாள்.

மஞ்சள் மீன் எட்டிப் பார்த்தது. பாதி உடம்பை நுழைத்தது. வெளியே போய்விட்டது. மறுபடி வந்தது. மாமாவுக்குத் தும்மல் வர, மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாலும் உள்ளே போனது.

பொடிசு மூடினாள். மாமா தும்மினார். வீடே அதிர்ந்தது.

மறுநாள் அம்மா வந்து, மீன் இல்லாத தொட்டியைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

“தப்பு என் மேலதான்க்கா” என்று மாமா தலையைக் குனிந்தார்.

“வாளி வாளியாத் தண்ணி தூக்கினதும் மாமாதான்மா” என்றாள் பொடிசு அவசரமாக. “இங்க வந்து பாரு, மூணும் நல்லாத்தான் இருக்கு!”

அம்மா குனிந்து பார்த்தாள். புதுத் தொட்டியில் மூன்று மீன்களும் அமைதியாக நீந்திக்கொண்டிருந்தன. கடை அக்கா சொன்னபடி மாமா அதில் போட்டிருந்த மருந்தின் அளவைச் சோதித்தாள். சரியாக இருந்தது. தம்பியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். “உயிரோட இருக்கே, அது போதும்டா.”

சில நாளில் புள்ளிகள் உதிர்ந்தன. “அப்ப திரும்ப விட்டுடலாமா?” என்று மாமா துள்ளினார். மீன் கடை அக்கா விடவில்லை. பழைய தொட்டியின் மணலில் பூச்சி ஒளிந்திருக்குமாம். ஒட்டிக்கொள்ள மீன் கிடைக்காமல் அது பட்டினியிலேயே சாக வேண்டுமாம். அதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகுமாம்.

காத்திருந்தார்கள். மாமாதான் தினமும், “இன்னிக்கா? நாளைக்கா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒருவழியாக அந்த நாளும் வந்தது. மூன்று மீன்களும் தொட்டியில் இறங்கின. கோமாளி மீன்கள் தங்கள் பழைய இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்துகொண்டன. மஞ்சள் மீன் தயங்கித் தயங்கிப் பாறையை ஒரு சுற்றுச் சுற்றியது. உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை.

பொடிசு பாசித் துண்டு ஒன்றைத் தண்ணீருக்குள் நீட்டினாள். மஞ்சள் மீன் நேராக வந்து, அவள் விரலோடு சேர்த்து வெடுக்கென்று இழுத்தது.

“ஆ! கடிக்குதும்மா!”

“கடிக்கட்டும், கடிக்கட்டும்” என்றார் மாமா. இத்தனை நாளும் பிடித்து வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டவர் போல, சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.