பதினேழாம் நம்பருக்குப் பூஜ்யம்

மின்னி பே. காலை 9.10. வாசலில் ஒரு ஸ்கூட்டர் ஹாரன் விடாமல் அலறியது.

சகாயசெல்வி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தவள் அகிலா. தீவு ஆய்வு மாநாட்டு அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. தீவுகளின் தென்கோடியில் இருக்கும் கேம்பல் பேயில் பிறந்து வளர்ந்தவள். கையில் ஒரு கவர்.

"டீச்சர், தலைவர் சார் ரொம்ப குஸ்ஸால, கோவத்துல இருக்காரு. மூணு மணிக்குள்ள இதுல உங்க கையெழுத்து வேணுமாம்."

உள்ளே இருந்தது மன்னிப்புக் கடிதம். சகாயசெல்வியின் பெயரில் யாரோ ஏற்கெனவே டைப் அடித்திருந்தார்கள்.

மாநாட்டுக்கு வரும் ஆய்வு முன்மொழிவுகளைப் படித்து மதிப்பெண் போடும் மூன்று தன்னார்வலர்களில் அவள் ஒருத்தி. சம்பளம் கிடையாது. எழுதியவர் பெயரை நீக்கி, வெறும் நம்பர் போட்டு அனுப்புவார்கள். பதினேழாம் நம்பர், கேம்பல் பேயில் சிறு படகில் மீன் பிடிக்கப் போகும் பெண்களைப் பற்றியது. அந்த ஊர்ப் பெண்கள் கடலுக்கே போவதில்லை என்று மாநாட்டுத் தலைவர் டாக்டர் சிவபிரகாஷ் முன்பு எழுதிய அறிக்கைக்கு நேர் எதிர். கேம்பல் பே பள்ளியில் மூன்று வருஷம் பாடம் நடத்திய சகாயசெல்வி, திங்கட்கிழமை அதற்கு இருபதுக்குப் பதினெட்டு போட்டாள்.

செவ்வாய் காலை 11.40க்கு அவளுடைய பாஸ்வேர்டிலேயே யாரோ நுழைந்து பதினெட்டைப் பூஜ்யமாக்கியிருந்தார்கள். கூடவே ஒரு குறிப்பு:

'படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கடலில் சூரியன் மறையும் நேரமாகப் பார்த்து ஒருத்தியைப் படகில் நிற்கவைத்து எடுத்திருக்கிறார்கள். இந்த அந்தி நேர வேடிக்கையை ஆய்வு என்று அனுப்ப வெட்கமாக இல்லையா?'

அந்தக் குறிப்பு, ஆய்வை எழுதியவரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் கொதித்துப் போய்க் கமிட்டி முழுவதற்கும் புகார் அனுப்பிவிட்டாள்.

கையெழுத்துப் போட்டால் பழி சகாயசெல்வியின் தலையில். பூஜ்யம் நிலைக்கும். பதினேழாம் நம்பர் விழும்.

"எழுதாததுக்கு எப்படி மன்னிப்பு கேக்கது? நா போட மாட்டேன்."

அகிலா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாஸ்வேர்டுகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தவள் அவள். பட்டியல் இருப்பது சிவபிரகாஷின் மேஜையில். டீச்சர் மறுத்தால் வேலை போவது உனக்குத்தான் என்று காலையிலேயே அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

சகாயசெல்வி தனக்கு வந்த பிரதியை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஐந்து பக்கம். பிறகு டெய்ரி ஃபார்ம் பகுதியில் குடியிருக்கும் இருதயநாதனுக்குப் போன் போட்டாள். மீன்துறையில் ஓய்வு பெற்றவர்; அவரும் மதிப்பீட்டாளர். அவர் எண்ணிப் பார்த்து, தன்னிடமும் ஐந்துதான் என்றார். பெரிய ஆட்களோடு மோதாமல் கையெழுத்தைப் போட்டுவிடும்மா என்று புத்தியும் சொன்னார். நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

"அகிலா, ஒங்கிட்ட வந்தப்ப எத்தன பக்கம்?"

"ஆறு. கடைசிப் பக்கம் ஒரே ஒரு போட்டோ. எழுதின பொண்ணு முகம் தெரியுதுன்னு சார்தான் எடுக்கச் சொன்னாரு."

"அதப் பாத்தது யாரு யாரு?"

"நானும் சாரும்." சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சந்தேகம் தன்மேலும் விழும்.

"பயப்படாத. போட்டோவுல சூரியன் எங்க நிக்கி?"

"கடலுக்கு மேல."

"எந்நேரம் எடுத்தது?"

அந்தப் பயத்திலும் அகிலாவுக்குச் சிரிப்பு வந்தது. "மூணு வருஷம் எங்க ஊர்ல இருந்துட்டு இதைக் கேக்குறீங்களே டீச்சர்."

பிற்பகல் 3.00. மாநாட்டு அலுவலகம். மேஜையைச் சுற்றிக் கமிட்டியார் ஐந்து பேர், நடுவில் சிவபிரகாஷ். சகாயசெல்வி கடிதத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"கையெழுத்து எங்கே டீச்சர்?"

"போடல. போடுறதாவும் இல்ல."

ஐந்து பக்கப் பிரதியைக் கமிட்டியாரிடம் நீட்டினாள். அதில் படமே இல்லை. இல்லாத படத்தை நான் எப்படித் திட்ட முடியும் என்று கேட்டாள். சிவபிரகாஷ் அசரவில்லை. படத்தைப் பார்த்த இன்னொருத்தி இருக்கிறாளே என்று கதவோரம் நின்ற அகிலாவைக் கை காட்டினார்.

"அவ எழுதியிருந்தா சூரியன் மறையுதுன்னு எழுத மாட்டா."

நிதானமாக விளக்கினாள். கேம்பல் பே கிழக்கு பார்த்த கரை. அங்கே கடலிலிருந்து சூரியன் எழும். சாயங்காலம் காட்டு மலைக்குப் பின்னால் போய் விழும். கடலுக்கு மேல் சூரியன் நின்றால் அது விடியற்காலை, பெண்கள் படகு இறக்கும் நேரம். அந்த ஊரில் ஒரு நாள் கண் விழித்தவருக்குக்கூட அது தெரியும். படத்தைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அங்கேயே பிறந்தவள்.

"பூஜ்யம் போட்டது நீங்க. எட்டு மாசம் அங்க தங்குனதா அறிக்கையில எழுதியிருக்கீக. எந்தப் பக்கம் வீடு சார்? விடியும்போது எதப் பாத்து எந்திரிச்சீக?"

இதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாமே என்றார் சிவபிரகாஷ். சகாயசெல்வி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இங்கேயே பேசுவோம் என்றாள். கமிட்டியாரில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கேம்பல் பேக்கு நான் போனதே இல்ல."