இடப்பக்கமே போகும் வாத்து

ஏரிக்கரையில் வரிசை வளர்ந்துகொண்டே போனது. கோடை விடுமுறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அல்லவா? ஊரே திரண்டு படகுத்துறைக்கு வந்துவிட்டது போலிருந்தது.

அத்தனை கூட்டத்திலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றவள் ஒருத்திதான். அவளை எல்லோரும் நண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். தவழும் வயதில் முன்னால் போகாமல் பக்கவாட்டிலேயே நகர்வாளாம். அண்ணன் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அந்தத் துறையில் ஓடும் படகுகள் எல்லாம் வாத்து வடிவம். வெள்ளை உடம்பு, ஆரஞ்சு அலகு. முன்னால் இரண்டு பேர் பெடல் மிதிக்க வேண்டும். பின்னால் இரண்டு பேர் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம்.

படகுகள் நண்டு வீட்டாருடையவை. அப்பா ஆட்களை ஏற்றி இறக்குவார். அம்மா டிக்கெட் கவுண்டரில் இருப்பார். அண்ணன் கொக்கி வைத்த கழியால் திரும்பி வரும் படகுகளை இழுத்துக் கட்டுவான். நண்டுவுக்கு லைஃப் ஜாக்கெட் வேலை. அளவு பார்த்து மாட்டிவிட வேண்டும். நனைந்து திரும்பி வருவதைக் காயப்போட வேண்டும்.

ஒரு வாத்தில் நாலு பேர் உட்காரலாம். நண்டு வீட்டிலும் நாலு பேர்தான். ஆனால் அந்த நாலு பேரும் ஒரே வாத்தில் உட்கார்ந்தது ஒருநாளும் இல்லை.

"அப்பா, இன்னிக்குப் போறோம்ல?" என்று கேட்டாள் நண்டு.

"எங்கம்மா?"

"படகுல! லீவு முடியறதுக்குள்ள நாம நாலு பேரும் ஒரு சுத்து போலாம்னு சொன்னீங்கல்ல? நாளைக்கு ஸ்கூல் தொறக்குது."

அப்பா வரிசையைப் பார்த்தார். "கூட்டத்தப் பாத்தியா? டிக்கெட் வாங்கினவங்க வெயில்ல காயும்போது படகுக்காரன் குடும்பம் சவாரி போச்சுன்னா ஊர்ல என்ன பேசுவாங்க? வரிசையில ஒருத்தர் நின்னாலும் நம்ம வீட்டு ஆளுங்க படகுல உக்காரக் கூடாது. உங்க தாத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

"வரிசை எப்ப தீரும்?"

"இருட்டினா தீரும்."

"இருட்டினா படகு விடக் கூடாதே!"

நண்டு விடவில்லை.

"சரி, மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல படகு ஓடாதுல்ல? எல்லாரும் செருப்ப வரிசையில விட்டுட்டு மர நிழலுக்குப் போயிடறாங்க. அப்ப போலாமே?"

"வரிசை நிக்குதே."

"அது செருப்புப்பா!"

"செருப்பு நின்னாலும் ஆள் நின்ன மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு அப்பா அடுத்த படகைப் பிடிக்கப் போனார்.

அந்த நேரம் பார்த்தா வரிசையில் மஞ்சள் தொப்பியின் முறை வர வேண்டும்!

எப்போதும் மஞ்சள் தொப்பியோடு வரும் அந்தப் பெண்ணுக்கும் நண்டுவின் வயதுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவாள். அவளுடைய அப்பா, அம்மா, பல் விழுந்த குட்டித் தம்பி, எல்லோரும் சேர்ந்துதான் வருவார்கள். அந்த அப்பா அபஸ்வரமாகப் பாடுவார். அந்த அம்மா காதைப் பொத்திக்கொள்வார். நாலு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பார்க்கும்போதே நண்டுவுக்கு வயிறு எரியும்.

இன்றைக்கு இன்னும் மோசம். நண்டுவின் அப்பா அந்தக் குட்டித் தம்பியைப் பார்த்து, "வாங்க வாங்க, கேப்டன் சார்! வாத்துக்குத் தீனி போட்டாச்சா?" என்றார். பிறகு கடகடவென்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு நண்டுவுக்கு நன்றாகத் தெரியும். வாடிக்கையாளர்களுக்கான சிரிப்பு அது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அது முழுவதும் தீர்ந்துபோயிருக்கும். வெறும் கொட்டாவிதான் மிச்சமிருக்கும்.

'கேப்டனாம்! என்னை ஒருநாளாவது கேப்டன்னு கூப்பிட்டிருப்பாரா?'

மஞ்சள் தொப்பிக்கு ஜாக்கெட் மாட்டிவிடும்போது வாரை வேண்டுமென்றே கொஞ்சம் இறுக்கினாள்.

"ஆ! மெதுவா" என்றாள் மஞ்சள் தொப்பி.

"அப்படித்தான் மாட்டணும்" என்றாள் நண்டு.

அப்போது துறையின் மறுகோடியில் ஒரு படகின் சங்கிலி கழன்றுவிட்டது என்று யாரோ கத்தினார்கள். அப்பா அங்கே ஓடினார். அண்ணன் கழியோடு எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

துறையின் இந்தப் பக்கம் அப்போது நின்றது ஆறாம் வாத்து மட்டும்தான். அதைத் திருப்பும் கம்பி வளைந்திருந்தது. எப்படி மிதித்தாலும் இடப்பக்கமே போகும். யாரும் ஏறக் கூடாது என்பதற்காக அப்பா அதன் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தார். பார்ப்பதற்குத் தொண்டை கட்டிய வாத்து போல இருந்தது.

நண்டுவின் கை தானாக நீண்டது. முடிச்சை அவிழ்த்தது. துணியைச் சுருட்டி உள்ளங்கைக்குள் ஒளித்தது.

'கொஞ்ச நேரம் சுத்தட்டும். அப்பத் தெரியும்!'

அண்ணன் திரும்பினான். வாத்தின் வெறும் கழுத்தைப் பார்த்தான். "அட, அப்பா சரி பண்ணிட்டாரா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மஞ்சள் தொப்பிக் குடும்பத்தை அதில் ஏற்றித் தள்ளிவிட்டான்.

வாத்து கிளம்பியது. இடப்பக்கம் திரும்பியது. மறுபடியும் இடப்பக்கம். ஒரு வட்டம் அடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.

நண்டு ஆவலோடு அவர்கள் முகத்தைப் பார்த்தாள். இப்போது சண்டை வரும். இப்போது அழுவார்கள்.

நாலு பேரும் சிரித்தார்கள்!

"இன்னொரு தடவ! இன்னொரு தடவ!" என்று குதித்தான் குட்டித் தம்பி. அந்த அப்பா சுற்றுவதற்குத் தோதாக ஒரு பாட்டை எடுத்துவிட்டார். நண்டுவுக்கு வந்த ஆத்திரத்தில் காதிலிருந்து புகை வராததுதான் குறை. கெட்டுப்போன வாத்தைக் கொடுத்தால்கூட இவர்களுக்குக் கொண்டாட்டமா?

ஆனால் வட்டம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. ஏரியின் ஓரத்தில் அடர்ந்திருந்த கோரைப்புல்லுக்குள் வாத்து தலையை நுழைத்தது. பெடலில் புல் சுற்றிக்கொண்டது. வாத்து அசையவில்லை. பாட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் குட்டித் தம்பியின் அழுகை கரைவரை கேட்டது.

"என்னப்பா இது, பழுதான படகையா வாடகைக்கு விடறாங்க?" என்று வரிசையில் ஒரு குரல் எழுந்தது.

திரும்பி வந்துகொண்டிருந்த அப்பாவின் காதில் அது விழுந்தது. அவர் முதுகு விறைத்தது. "ஆறாம் நம்பர யார்றா விட்டது? சிவப்புத் துணி எங்க?"

"துணியே இல்லப்பா. நீங்க சரி பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றான் அண்ணன்.

"பொய் வேற சொல்றியா? துணி என்ன தானா பறந்து போச்சா? என் பேரையே கெடுத்துட்டியே!"

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. நண்டுவின் உள்ளங்கைக்குள் துணி வியர்வையில் நனைந்திருந்தது. அவள் கையை விரித்தாள்.

"நான்தான்பா அவுத்தேன்."

"ஏன்?"

"அவங்க எல்லா ஞாயித்துக்கெழமையும் ஒண்ணா போறாங்க. நீங்க அந்தப் பையனக் கேப்டன்னு கூப்பிடறீங்க. எனக்குப் பொறாமையா இருந்துச்சு."

அப்பா கோரைப்புல் பக்கம் திரும்பினார். திட்டவில்லை. அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"நம்ம கையால போன வாத்து. நம்ம கையாலதான் திரும்பணும்" என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் கரை சேர்ந்திருந்த ஒரு வாத்தில் தனியாக ஏறப்போனார்.

"தனியா முடியாதுப்பா!" என்று ஓடி வந்தாள் நண்டு. "நீங்க ஒரு பக்கமா மிதிச்சா படகு கோணிக்கும். ரெண்டு பேர் மிதிக்கணும். ஒருத்தர் கழியால புல்ல விலக்கணும். ஒருத்தர் கயிறு கட்டணும். அண்ணன் கழி, நான் கயிறு, உங்களோட மிதிக்க அம்மா!"

சத்தியமாக, அவள் சவாரியை நினைத்துச் சொல்லவில்லை. குட்டித் தம்பியின் அழுகைதான் அவள் காதில் இருந்தது.

"கவுண்டர மூடறதா? இந்தக் கூட்டத்துலயா?" என்றார் அப்பா.

வரிசையில் முதலில் நின்ற மீசைக்காரர் சிரித்தார். "போயிட்டு வாங்க சார். நாங்க எங்கயும் ஓடிட மாட்டோம்."

அம்மா கவுண்டரைப் பூட்டிக்கொண்டு ஓடி வந்தார். நாலு பேரும் வாத்தில் ஏறினார்கள்.

"ஏங்க, நான் மிதிக்கிறது முன்னால போகுதா, பின்னால போகுதா?" என்றார் அம்மா.

"பின்னால! எனக்கு எதிரா மிதிக்கிற!"

"நீங்கதான் எனக்கு எதிரா மிதிக்கிறீங்க! அப்பப்பா, இவ்ளோ கால்வலியா இதுல? தெரிஞ்சிருந்தா டிக்கெட்ட பாதி வெலைக்குக் கொடுத்திருப்பேனே!"

அப்பா சிரித்துவிட்டார். கடகடவென்ற அதே சிரிப்பு. நண்டு அதை முழுசாகக் காதில் வாங்கிக்கொண்டாள்.

கோரைப்புல் பக்கம் வந்ததும் அண்ணன் கழியால் புல்லை விலக்கினான். நண்டு கயிற்றை ஆறாம் வாத்தின் கழுத்தில் கட்டினாள். மஞ்சள் தொப்பியை நேராகப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஆனாலும் பார்த்தாள்.

"இது கெட்டுப்போன வாத்து. தெரிஞ்சேதான் உங்களுக்கு விட்டேன். மன்னிச்சிடு."

"ஏன் அப்படிப் பண்ணின?"

"நீ எப்பவும் உங்க வீட்டோட படகுல போறியே, அதான்."

மஞ்சள் தொப்பிக்குக் கண் அகல விரிந்தது. "நானா? நீதான் படகுக்காரர் பொண்ணு! நீ தெனமும் ஜாலியா போவேன்னு நெனச்சு எங்க வீட்ல நான் எவ்ளோ சண்ட போட்டிருக்கேன் தெரியுமா?"

"நாங்க நாலு பேரும் போறது இதான் மொத தடவ."

"நெஜமாவா?"

"நெஜமா."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. குட்டித் தம்பி மட்டும் இன்னும் விசும்பிக்கொண்டிருந்தான். கட்டியது போக மிஞ்சிய கயிற்று முனையை நண்டு அவனிடம் நீட்டினாள்.

"கேப்டன் சார், நீங்க இதக் கெட்டியா பிடிச்சாதான் ரெண்டு வாத்தும் கரைக்குப் போகும்."

கேப்டன் மூக்கை உறிஞ்சிவிட்டு இரண்டு கையாலும் பிடித்தார்.

கரைக்கு வந்ததும் அப்பா வரிசையைப் பார்த்து, "பழுதான படகு போயிடுச்சுங்க. தப்பு எங்களோடது" என்றார். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் மஞ்சள் தொப்பிக் குடும்பத்துக்கு நல்ல வாத்தில் முதல் சவாரி என்றும் சொன்னார். பிறகு அண்ணன் தோளில் கை வைத்தார். "உன் மேல சந்தேகப்பட்டது தப்புடா."

"பரவால்லப்பா. இன்னிக்கு என் கழியையும் இந்த நண்டே கழுவட்டும்" என்றான் அண்ணன்.

நண்டு கழியைக் கழுவினாள். சிவப்புத் துணியைப் பழையபடி வாத்தின் கழுத்தில் கட்டினாள், இரட்டை முடிச்சாக.

உச்சி வெயில் ஏறியது. படகுகள் நின்றன. ஜனங்கள் மர நிழலுக்குப் போக, வரிசையில் செருப்புகள் மட்டும் நின்றன. அம்மா சாப்பாட்டு டப்பாக்களை எடுத்தார். வழக்கம்போல ஒவ்வொருவராக நின்றுகொண்டே சாப்பிட வேண்டியதுதான்.

நண்டு ஆறாம் வாத்தைப் பார்த்தாள்.

"அப்பா, இத வாடகைக்கு விடுவீங்களா?"

"இன்னுமா கேக்கற? பழுதான படக வாடகைக்கு விடறது நம்ம குடும்பத்துக்கு அழகில்ல."

"அப்ப இந்தச் செருப்பெல்லாம் நல்ல வாத்துக்குத்தானே நிக்குது? ஆறாம் வாத்துக்கு ஒரு செருப்புகூட நிக்கலையே! நீளக் கயிறா கட்டிக்கிட்டா கோரைப் பக்கமும் போகாது."

அப்பா செருப்பு வரிசையை ஒருமுறை பார்த்தார். செருப்பு வரிசையை ஒருமுறை பார்த்தார்.

"பதில் சொல்லுங்க" என்றார் அம்மா, டப்பாக்களோடு ஏற்கெனவே வாத்தில் உட்கார்ந்துகொண்டு.

அப்பா கயிற்றை எடுத்துத் துறையில் கட்டினார். "ஏறுங்க, கேப்டன் மேடம்" என்று நண்டுவுக்குக் கை கொடுத்தார்.

வாத்து கிளம்பியது. இடப்பக்கமாக ஒரு வட்டம். மறுபடி ஒரு வட்டம். டப்பாக்களும் அதே போலக் கை மாறிச் சுற்றி வந்தன. எங்கும் போய்ச் சேர வேண்டிய அவசரம் அவர்களுக்கு இல்லை.

மர நிழலிலிருந்து குட்டித் தம்பியின் குரல் கேட்டது. "எனக்கு நல்ல வாத்து வேணாம்! அந்தச் செவப்புத் துணி கட்டின வாத்துதான் வேணும்!"

நண்டு அப்பாவைப் போலவே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"அது வாடகைக்கு இல்ல!" என்றாள், கரை முழுக்கக் கேட்கும்படி.