நாலு நிமிஷ வீரன்

ஒரு முடிதிருத்தும் கடை. இரண்டு சுழல் நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி, ஒரு நீள பெஞ்சு, கொக்கியில் வரிசையாகத் துண்டுகள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைசி ஆளின் தோளைத் தட்டி அனுப்பியதும், கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மாடிக்குத் தூங்கப் போவார். அந்தப் பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து மூன்று பேர் உள்ளே வருவார்கள். அதற்கப்புறம் அது கடை இல்லை, பாதாளக் குகை.

குகைக்குள் முன்னாலேயே ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அவள் கடைக்காரரின் மகள். பதினொரு வயது. எல்லாரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மைப் பெயர் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது.

அவர்கள் விளையாடும் விளையாட்டுக்குப் பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக அந்தக் கதைக்குள் போவார்கள். முன்னால் ஒரு கதவு, உள்ளே ஏதோ உறுமுகிறது, என்ன செய்வாய் என்று கேட்டால் பதில் சொல்லவேண்டும். சொன்னது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை முடிவு செய்யும். கதை சொல்வது யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். வகுப்பில் எந்த வாயை மூடச் சொன்னார்களோ, அந்த வாய்க்கு இங்கே நல்ல மரியாதை.

புத்தகம் எதுவும் இல்லாமல் விளையாடிய முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. வாயாடி மடியில் ஒளித்துவைத்திருந்த குகை வரைபடம் பின்னால் இருந்த கண்ணாடியில் அப்படியே தெரிந்தது. மூன்று வீரர்களும் ஒரு கேள்வி கேட்காமல் புதையல் அறைக்கு நேராக நடந்து போனார்கள். அதற்குப் பிறகு கண்ணாடியின் மேல் துண்டு தொங்கவிட்டார்கள்.

பகடையில் எந்த எண் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல ஒரு விதிப்புத்தகம் வேண்டும் அல்லவா? அது அண்ணனுடையது. அண்ணன் என்றால் வாயாடியின் பெரியப்பா மகன். பதின்மூன்று வயது. புத்தகமோ தலைக்கு வைத்துத் தூங்கலாம், அத்தனை தடிமன். அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, கை கழுவாத யாரையும் தொடவிடமாட்டான்.

அந்தப் புத்தகத்தை வைத்து விளையாடிய முதல் ஞாயிற்றுக்கிழமை, அவரவர் வீரனை உருவாக்குவதிலேயே பொழுது போய்விட்டது. வீரனுக்கு எவ்வளவு பலம், எவ்வளவு புத்தி, சொந்த ஊர் எது, அப்பா என்ன தொழில், குதிரை ஏறத் தெரியுமா, ஏறினால் இறங்கத் தெரியுமா என்று பக்கத்துக்குப் பக்கம் கேள்வி.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை குகைக்குள் போனார்கள். முதல் கதவை சுண்டெலி திறந்தாள்.

சுண்டெலி எதிர்த்த தையல் கடை அம்மாவின் மகள். எட்டு வயது. பயம் என்றால் என்னவென்று தெரியாது. கதவுக்குப் பின்னால் தரை இல்லை, ஒரு குழி. சுண்டெலி பகடையை உருட்டினாள். ஒன்று விழுந்தது. அவளுடைய வீரன் குழிக்குள் போனான். இது பழைய காலத்து விளையாட்டு. செத்தால் செத்ததுதான். இன்னொரு வீரனை உருவாக்க இன்னொரு மதியம் வேண்டும். அதனால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று அண்ணன் சொல்லிவிட்டான். கதை தொடர்ந்தது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை சுண்டெலி வரவில்லை. வயிற்றுவலி என்று சொல்லியனுப்பினாள்.

நாலாவது ஆள் ஒருவன் உண்டு, பூனை. வாயாடியின் வகுப்புத் தோழன். நடந்து வந்தால் சத்தமே கேட்காது. செத்துப்போனால் யாருக்குத்தான் பிடிக்கும், அதுதான் வரவில்லை என்றான் பூனை. அப்படியானால் இனி யாரும் சாகவேண்டாம் என்று விதியை மாற்றிவிடலாம் என்றான் அண்ணன். வாயாடிக்கும் அது சரியென்று பட்டது.

அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை. பூனை குழியைப் பார்த்தான், சும்மா குதித்தான். பச்சையாகக் கொதித்த மருந்தைக் கண்டான், மடக்மடக்கென்று குடித்தான். டிராகன் வாயைத் திறந்ததும் உள்ளே தலையை விட்டுப் பல்லை எண்ணப் போய்விட்டான். பாவம், டிராகனுக்கே கூச்சமாகப் போயிற்று. வாயாடியின் குரல் இறங்கி இறங்கிக் கடைசியில் நின்றேவிட்டது.

இதற்கு சைக்கிள் ஓட்டப் போகலாம் என்றான் பூனை. வேறு விளையாட்டுக்கு மாறலாம், எங்கள் வீட்டில் அப்பா சின்ன வயதில் விளையாடிய இதே மாதிரி விளையாட்டுப் பெட்டி ஒன்று இருக்கிறது என்றும் சொன்னான். அண்ணனின் முகம் சுருங்கியது. நூலகத்தில் வேண்டாமென்று ஒதுக்கிய கூடையிலிருந்து வாயாடியும் ஒன்று எடுத்துவைத்திருந்தாள். மேலட்டை இல்லாத ஒல்லிப் புத்தகம், துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின். அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எந்தப் புத்தகம் என்று முடிவாகாமலே கலைந்து போனார்கள்.

வாயாடிக்கு மனசு கேட்கவில்லை. சுண்டெலி இல்லாவிட்டால் முதல் கதவை யார் திறப்பார்கள்? அவள் வராவிட்டால் பூனையும் வரமாட்டான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மதியம் இது வெறும் முடிதிருத்தும் கடைதான்.

மறுநாள் தையல் கடைக்குப் போனாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே சுண்டெலி, தலையில்லாத தையல் பொம்மைக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு காலைத் தூக்கி, கையை விரித்து, "கதவைத் திறந்தானா, கீழ பாத்தா தரையே இல்ல. அம்மாஆஆ" என்று துணிக்குவியலில் பொத்தென்று விழுந்தாள். எழுந்தாள். பொம்மைக்குப் புரிந்திருக்காது என்று நினைத்தாளோ என்னவோ, இன்னொரு தடவை விழுந்தாள்.

"வயித்துவலி போயிடுச்சா?" என்றாள் வாயாடி.

சுண்டெலி துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"உன் வீரன் செத்துட்டான்னுதானே கோவம்?"

"இல்லக்கா. அவன் சூப்பரா செத்தான்."

"அப்புறம் ஏன் வரல?"

துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "அப்புறம் நான் நாற்காலியில உக்காந்து சுத்திட்டே இருந்தேன். நூத்திப்பன்னெண்டு சுத்து. நான் எண்ணினேன். நீங்க யாருமே என்னைப் பாக்கல."

வாயாடி துணிக்குவியலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் கதை சொல்லியிருக்கிறாள். நாற்காலிப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அது உண்மைதான்.

"அடுத்த வாரம் ஒரு தடவ மட்டும் வா. உன்னைச் சும்மா உக்கார விடமாட்டேன்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெஞ்சின் மேல் மூன்றும் வரிசையாக இருந்தன. அண்ணனின் தடிப் புத்தகம், பூனையின் பெட்டி, நூலகத்து ஒல்லிப் புத்தகம். பக்கத்தில் ஒரு சின்ன டைமர். தலைக்குச் சாயம் பூசியவர்களை எத்தனை நிமிஷம் உட்காரவைக்க வேண்டும் என்று பார்க்க அப்பா வைத்திருப்பது.

வாயாடி அதை அண்ணனின் கையில் கொடுத்தாள்.

"அண்ணா, எது நல்ல விளையாட்டுன்னு நான் கேக்கல. செத்தா செத்ததுதான், பழைய விதியே இருக்கட்டும். ஆனா ஒருத்தர் செத்துட்டா, அடுத்த வீரன் எவ்வளவு நேரத்துல வருவான்? அதை மட்டும் பாப்போம். நேரத்தை நீயே பாரு."

தடிப் புத்தகத்தில் வீரனை உருவாக்க அண்ணனே உட்கார்ந்தான். அவனுக்குத்தான் அது மனப்பாடம். டைமரை முப்பது நிமிஷத்துக்குத் திருகிவைத்தார்கள். மணி அடித்தபோது அண்ணன் நாற்பதாம் பக்கத்தில் இருந்தான்.

"இன்னும் ஆகல" என்று அவனே சொன்னான். பொய் சொல்ல அவனுக்கு வராது. "குதிரை மட்டும் பாக்கி." கொஞ்சம் யோசித்து, "சேணமும்" என்றான்.

பூனையின் பெட்டிக்குப் பத்தொன்பது நிமிஷம். பகடையில் எண்கள் அழிந்துபோயிருந்ததால் விழுந்தது என்ன எண் என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததிலேயே பாதி நேரம் போயிற்று.

ஒல்லிப் புத்தகத்துக்கு யார்? அதை இதுவரை கண்ணால்கூடப் பார்க்காத சுண்டெலி. பகடையை ஆறு தடவை உருட்டி எழுதினாள். வாளா, மந்திரமா, திருட்டா என்று கேட்டதற்கு வாள் என்றாள். பையில் ஒரு கயிறு, ஒரு தீப்பந்தம். மொத்தம் எட்டே வரி. பெயர் இடிமுழக்கன்.

அண்ணன் டைமரைப் பார்த்தான். "நாலு நிமிஷம்."

"அதுல ரெண்டு நிமிஷம் பேர் யோசிச்சேன்" என்றாள் சுண்டெலி.

அண்ணன் தன் புத்தகத்தின் உறை ஓரத்தை நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தான். ஒல்லிப் புத்தகத்தில் படமெல்லாம் மோசம் என்றான். அது உண்மை. அதில் வரைந்திருந்த டிராகன் நனைந்த கோழி மாதிரி இருந்தது. கதவை உடைக்கக்கூட விதி கிடையாது என்றான். அதுவும் உண்மை. விதி இல்லாத இடத்தில் நாமே பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்றாள் வாயாடி. பிறகு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இதுல பூதம் பதினொண்ணுதான் இருக்கு. உன் புத்தகத்துல முந்நூறு இருக்கு. அதுங்கள்லாம் இங்க வந்து சண்டை போட்டா ஒத்துப்பியா?"

அண்ணன் தடிப் புத்தகத்தைத் தடவிக்கொடுத்தான்.

"முதல்ல கை கழுவிட்டு வா" என்றான்.

அண்ணனும் பூனையும் ஒல்லிப் புத்தகத்திலிருந்தே எட்டு வரியில் புது வீரர்களை எழுதிக்கொண்டார்கள். அன்று அண்ணன் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது பல் முளைத்த பெட்டி. பார்க்கப் புதையல் பெட்டி மாதிரியே இருக்கும், திறந்தால் கடிக்கும். இடிமுழக்கன்தான் திறந்தான். வேறு யார் திறப்பார்கள்? கடித்துவிட்டது.

இடிமுழக்கனின் கயிற்றை யார் எடுத்துக்கொள்வது என்று அண்ணனின் வீரனும் பூனையின் வீரனும் பேசி முடிப்பதற்குள், குகையின் பின்பக்கமிருந்து, புதிதாக எட்டு வரி எழுதி முடித்த சுண்டெலியின் குரல்.

"எங்க அண்ணனைப் பாத்தீங்களா? நான் இடிமுழக்கனோட தம்பி. அது எங்க வீட்டுக் கயிறு."

பூனை சிரித்த சிரிப்பில் பெஞ்சிலிருந்து சரிந்தான். தம்பி இரண்டு அறை தாண்டி ராட்சதச் சிலந்தியிடம் மாட்டினான். அதற்குப் பிறகு வந்தவள் இடிமுழக்கனின் சித்தி. வரும்போதே இரண்டு பிள்ளைகளையும் திட்டிக்கொண்டே வந்தாள். சிலந்தியையும் திட்டினாள்.

அண்ணனின் வீரன் எப்போதும் எல்லாருக்கும் பின்னால்தான் நடப்பான். கதவு வந்தால் பூனையைத் திறக்கச் சொல்வான். ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து உருவாக்கிய வீரனைச் சட்டென்று குழியில் தள்ள யாருக்கு மனசு வரும்? இப்போது எதிரே ஒரு கல் தலை. திறந்த வாய்க்குள் ஏதோ மின்னியது. எல்லாரும் தயங்கினார்கள்.

அண்ணன் தன் காகிதத்தைப் பார்த்தான். எட்டு வரி.

"நான் உள்ள கையை விடறேன்" என்றான்.

வாயாடி நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் பகடையை உருட்டினான். அது பெஞ்சில் ஓடி, விளிம்பில் நின்றது. இரண்டு. கல் வாய் டப்பென்று மூடிக்கொண்டது. கல் கண்ணிலிருந்து ஓர் அம்பு பறந்து வந்தது. அண்ணனின் வீரன் முதல்முறையாகச் செத்துப்போனான்.

சுண்டெலி மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணனின் முகத்தையே பார்த்தாள். அண்ணன் கொஞ்ச நேரம் பகடையைப் பார்த்தான். பிறகு தோள் குலுங்கச் சிரித்தான். "அடுத்தவன் மந்திரக்காரன்" என்று சொல்லி, புதுக் காகிதத்தைத் தானே இழுத்துக்கொண்டான்.

அரைமணி கழித்து இடிமுழக்கனின் சித்தியும் போய்ச் சேர்ந்தாள். சித்தி டிராகனிடம் போய் விட்டாளே ஒரு குத்து! பாதி உயிர் போய்விட்டது டிராகனுக்கு. மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு அது சித்தியைச் சுட்டுவிட்டது.

வெயில் இறங்கியபோது கடைக்காரர் மாடியிலிருந்து வந்து ஷட்டரை ஏற்றினார். தையல் கடை அம்மா மகளைக் கூட்டிப்போக வந்து நின்றாள். பொழுது நன்றாகப் போயிற்றா என்று கேட்டாள்.

"நல்லாப் போச்சும்மா. மூணு தடவ செத்தேன்" என்றாள் சுண்டெலி, முகமெல்லாம் பல்லாக.

தையல் கடை அம்மா திடுக்கிட்டுக் கடைக்காரரைப் பார்த்தாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நான் முடி மட்டும்தாம்மா வெட்டுவேன்" என்றார்.

அண்ணன் புத்தகத்தை உறையோடு மூடிவைத்தான். பூனை சத்தமில்லாமல் பகடைகளைப் பொறுக்கினான். அடுத்த வாரம் எந்தப் புத்தகம் என்று யாரும் கேட்கவில்லை.

கிளம்பலாமா என்றாள் தையல் கடை அம்மா. சுண்டெலி அசையவில்லை. பெஞ்சில் குப்புறப் படுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எட்டு வரி. இடிமுழக்கனின் ஒன்றுவிட்ட மாமா.

"இவன் அடுத்த வாரத்துக்கு, அக்கா" என்றாள் வாயாடியிடம். மாமாவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். தெருவைக் கடக்கும்போது ஒரு கையால் அம்மாவைப் பிடித்துக்கொண்டு, மாமா கசங்கிவிடக் கூடாதென்று இன்னொரு கையால் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டே போனாள்.