ஜோடி கிடைத்தது

பெட்டியின் மேல் ஒட்டியிருந்த காகித முத்திரை இன்னும் கிழியவில்லை, இதயத் துடிப்பை எண்ண நெஞ்சில் கட்டும் பெல்ட் அதற்குள்தான் கிடந்தது, ஆனாலும் கையிலிருந்த சின்னத் திரையில் யாரோ ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு அறுபத்தொரு முறை துடித்துக்கொண்டிருந்தது.

கணக்கு டீச்சர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மணி நேரமாகச் சைக்கிள் கடையில் நின்று கால் கடுத்துப் போயிருந்தது. ஹேண்டில்பாரில் மாட்டி வேகமும் இதயத் துடிப்பும் பார்க்க ரோடு சைக்கிளுக்குப் பொருத்தமான ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வாங்குவது பெண் பார்க்கிற மாதிரி இழுக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. முதலில் காட்டியது கைபேசி அகலம் இருந்தது. வரைபடம், வானிலை எல்லாம் வரும். ஆனால் விரலால் தொட்டு இயக்க வேண்டும், வியர்த்த கையால் தொட்டால் ஒன்று கேட்க இன்னொன்றைக் காட்டியது. அடுத்தது சின்னது. பட்டன் வைத்தது, நல்ல வெளிச்சத்திலும் எழுத்து தெரிந்தது, ஒருமுறை சார்ஜ் போட்டால் முப்பது மணி நேரம் தாங்கும். அதுவே போதும் என்று முடிவு செய்தபோது மாட்டும் வளையம் இடக்குப் பண்ணியது. அவளுடைய ஹேண்டில்பார் உருண்டை இல்லை, தட்டை. முன்பக்கத் திருகுகளோடு சேர்த்துப் பிணைக்கும் வேறொரு பிடி இருக்கிறது என்று சொல்லிக் கடைக்காரர் பின்னறைக்குப் போனார்.

போகிற போக்கில், "பெல்ட்டோட ஜோடி சேர்க்கிறத மட்டும் வீட்ல போய்ப் பண்ணுங்க டீச்சர், இங்க வேணாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு கருவியை இன்னொன்றோடு இணைப்பதற்கு அந்தக் கடையில் அதுதான் பேச்சு. புதுப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியவில்லை. பட்டனை அழுத்தினாள். ஜோடி கிடைத்தது என்றது திரை. கீழே 61.

பின்னறையில் திருகுகளைக் கிளறும் சத்தம் கேட்டது. கடையில் வேறு யாரும் இல்லை. ரப்பர் வாடை, சங்கிலி எண்ணெய் வாடை, அதற்கெல்லாம் அடியில் ஈரத்துணியை நாள்கணக்கில் மூடி வைத்தது போல ஒரு புழுங்கல் வாடை. காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகும் அந்த வாடை சிறிது தூரம் கூடவே வந்தது.

அந்த எண் அவளுக்கு ஆசைக்காகத் தேவைப்படவில்லை. ஆறு மாதத்துக்கு முன் சமையலறையில் விழுந்தவளை மகள்தான் பார்த்தாள். இதயக் குழாயில் அடைப்பு. சின்னதாக ஒரு கம்பிவலை வைத்துத் திறந்துவிட்டார்கள். சைக்கிள் ஓட்டலாம், ஆனால் துடிப்பு நூற்று நாற்பதைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டராவது பரவாயில்லை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், வீட்டில் வாலு என்றுதான் பெயர், அதைவிடக் கறார். அப்பா கப்பல் வேலையில் வருடத்துக்கு இரண்டு மாதம் மட்டும் வீட்டுக்கு வருகிறவர். மீதிப் பத்து மாதமும் இந்த வீட்டில் இரண்டே பேர். அம்மாவுக்கு ஏதாவது ஆனால் தனக்கு யார் என்பதை அந்தப் பெண் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் அம்மா வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் வந்து நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை பார்த்தாள்.

"நூத்தி நாப்பது தாண்டுனா கம்ப்யூட்டர் கத்தும். கத்துனா நீ நின்னுடணும். எங்க இருந்தாலும் அப்படியே. சரியா?"

"சரிங்க மேடம்," என்றாள் அம்மா.

அந்த வாரம் முழுவதும் கம்ப்யூட்டர் மகளின் கட்டிலருகே கிடந்தது. பட்டன்களைக் குடைந்து பார்ப்பதில் அவளுக்கு அப்படி ஒரு ஆனந்தம். வியாழக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டே, ராத்திரி கெட்ட கனவா, உன் நம்பர் நூற்றுப் பத்து வரை ஏறியதே என்று கேட்டாள். பெல்ட் அலமாரியில் இருக்கிறது, எந்திரம் புதுசு, உளறுகிறது என்று சொல்லி அம்மா சிரித்துவிட்டாள். இத்தனைக்கும் எண்கள் பொய் சொல்லாது என்று வகுப்பில் வருடம் முழுவதும் சொல்கிறவள் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். வானம் மூடியிருந்தது. குடியிருப்பைத் தாண்டி மேட்டுச் சாலையில் ஏறும்போது எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை. ஒரு பக்கம் கல்சுவர், மறுபக்கம் பள்ளம், சங்கிலியின் மெல்லிய சரசரப்பு, தன் மூச்சு. இரண்டாவது வளைவில் மூச்சு இரைத்தது. மூன்றாவதில் காதுக்குள் டம் டம் என்று அடித்தது. திரையைப் பார்த்தாள். 64. மனசு குளிர்ந்துவிட்டது. தேறிவிட்டோம், வாலுவிடம் காட்ட வேண்டும் என்று நினைத்தபடி இன்னும் அழுத்தி மிதித்தாள்.

நாலாவது வளைவில் கண் இருட்டியது.

இறங்கிச் சுவரில் சாய்ந்து கழுத்தில் விரல் வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து விநாடி எண்ணினாள். முப்பத்தெட்டு. நாலால் பெருக்கினாள். நூற்று ஐம்பத்திரண்டு.

திரையில் 64.

பெல்ட்டை விலக்கிப் பின்பக்கம் பார்த்தாள். அச்சடித்திருந்த எண் 4471. கம்ப்யூட்டரைப் பிடியிலிருந்து கழற்றி, ஜோடியின் விவரத்தைத் திறந்தாள். 0902. வேறு யாருடையதோ. அவ்வளவுதானே, கடையில் மாறிப்போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கடைக்காரரை அழைத்தாள்.

அவர் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கக் கலக்கத்தில் இருந்தார். பெட்டிக்குள் இருக்கும் பெல்ட் பேசாது, ஈரமான தோலில் பட்டால்தான் அதற்கு உயிர் வரும் என்றார். அப்படியானால் கடையிலேயே வேறு யாரோ கட்டியிருந்திருக்க வேண்டும், ஆனால் அன்று நீங்களும் நானும் மட்டும்தானே இருந்தோம் என்று இழுத்தார்.

"சிக்னல் எவ்வளவு தூரம் வரைக்கும் எடுக்கும்?" என்றாள்.

"பத்து மீட்டர். அதுக்கு மேல எடுக்கவே எடுக்காது. விடுங்க டீச்சர், அழிச்சிட்டு மறுபடி தேடச் சொல்லுங்க. எது ரொம்பக் கிட்ட இருக்கோ அதத்தான் முதல்ல பிடிக்கும்."

கைபேசியை வைத்தாள். சாலையின் இரு பக்கமும் பார்த்தாள். ஈரத் தார். கல்சுவர். காற்று இல்லை, ஆனால் பள்ளத்தின் ஓரத்தில் புல் ஓரிடத்தில் மட்டும் படுத்திருந்தது. திரையில் 71. திரும்பி மறுபக்கம் பார்த்தாள். 78. அவள் தேடத் தேட அந்த எண் ஏறியது. அவள் அசையாமல் நின்றால் அதுவும் நின்றது.

ஜோடியை அழித்தாள். கம்ப்யூட்டரைத் தன் நெஞ்சோடு, பெல்ட்டின் மேலேயே, ஒரு விரற்கடை இடைவெளிகூட இல்லாமல் வைத்து அழுத்திக்கொண்டு தேடச் சொன்னாள்.

ஜோடி கிடைத்தது.

0902.

அந்தப் புழுங்கல் வாடை வந்தது.

கம்ப்யூட்டரைப் பிடியில் எப்படி மாட்டினாள், எப்படி ஏறி உட்கார்ந்தாள் என்று தெரியாது. கீழ்நோக்கிப் பாய்ந்தாள். பிரேக்கைத் தொடவில்லை. வளைவுகளில் சக்கரம் வழுக்கியது. 90. 96. 103. பிறகு, சட்டென்று, எண் இருந்த இடத்தில் இரண்டு சின்னக் கோடுகள் மட்டும். எதுவும் கிடைக்கவில்லை. பத்து மீட்டருக்கு அப்பால் விட்டுவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் படிக்கட்டைப் பார்த்தாள். மேட்டிலிருந்து நடப்பவர்கள் சாலையைச் சுற்றாமல் இறங்குவதற்காகக் கட்டியது. சைக்கிளுக்கு நாலு கிலோமீட்டர். படியில் இறங்கினால் ஐந்தே நிமிடம். அது முடியும் இடம் அவர்கள் தெரு.

வீட்டில் வாலு தனியாக இருந்தாள்.

மகளை அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. காதில் பாட்டு மாட்டிக்கொண்டிருப்பாள். மிதித்தாள். தன் இதயம் எத்தனை என்று இப்போது யார் எண்ணுவது. நூற்று எண்பதாக இருக்கட்டும். வெடிக்கட்டும். வீடு வரைக்கும் தாங்கினால் போதும். நெஞ்சின் இடப்பக்கம் கம்பியால் இழுப்பது போல் வலித்தது, வலியை மதிக்காமல் மிதித்தாள்.

வாசலில் சைக்கிளைப் போட்டாள். கம்ப்யூட்டரை மட்டும் பிடுங்கிக் கையில் எடுத்தாள். இன்னும் கோடுகள்தான். கதவைத் தள்ளினாள், திறந்துகொண்டது. கூடத்தில் மேசை விளக்கு எரிந்தது. மகள் முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். பென்சில் அசைந்தது. தோள் அசைந்தது. உயிரோடு இருக்கிறாள்.

கோடுகள் மறைந்தன. 118.

படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டு. குளியலறைக் கதவு மூடியிருந்தது. கட்டிலுக்கு அடியில்? திரைச்சீலைக்குப் பின்னால்? ஒரு அடி வைத்தாள். 126. இன்னொரு அடி. 133. எந்த அறை. எந்த அறை.

141.

கையில் இருந்தது வீறிட்டது.

மகள் காதிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து நாற்காலியைத் தள்ளி எழுந்தாள். "நில்லும்மா. தாண்டிருச்சு. அசையாத, அப்படியே நில்லு."

ஓடிப்போ என்று சொல்ல நினைத்தாள். மூச்சு வரவில்லை. 155. மகள் படுக்கையறையைக் கடந்து வந்தாள். இருட்டிலிருந்து எதுவும் வரவில்லை. குளியலறையைக் கடந்தாள். எதுவும் வரவில்லை. 168. வந்து அம்மாவை இறுகக் கட்டிக்கொண்டு, எப்போதும் போல நெஞ்சில் காது வைத்தாள்.

கேட்டாள். நெற்றி சுருங்கியது.

"ரெண்டு கேக்குதும்மா," என்றாள் மெதுவாக. "உன்னுது ஒண்ணு. அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு."

தலையைத் தூக்கினாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளைத் தாண்டிப் பார்த்தாள். பிறகு பார்வை மேலே போனது. இன்னும் மேலே, விட்டத்தை ஒட்டி, போய் நின்றது.

கையில் வீறிடுவது நின்றுவிட்டது. எண் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் பின்கழுத்தில் ஈரமாக ஏதோ சொட்டியது.

"யாரும்மா இவங்க?" என்றாள் மகள்.