சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிரிப்பு

“இதுக்கு என்ன அண்ணி பதில் சொல்றீங்க?”

மாமியாரின் முப்பதாம் நாள் பூசைக்கு இன்னும் ரெண்டு மணி நேரம்கூட இல்லை. ஊரப்பாக்கத்திலிருந்து சேலையூருக்கு வந்திறங்கிய நாத்தனார் கிறிஸ்டினா, வாசலில் ஆட்டோவை நிறுத்தி வைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் செல்போனை நீட்டினாள். சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பமே நின்று எடுத்துக்கொண்ட போட்டோ. அதில் அண்ணி ஞானசௌந்தரியின் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியிருந்தாள். பல் தெரிகிற சிரிப்பு!

“எங்கம்மா பொணத்துக்குப் பக்கத்துல நின்னு இளிக்கிறீங்களே... சனியன் தொலைஞ்சதுன்னு சந்தோஷமா? எங்கப்பா இனிமே இந்த வீட்ல இருக்க வேணாம். இப்பவே கூட்டிட்டுப் போறேன்!”

ஞானசௌந்தரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆறு வருஷம் அந்த மாமியாருக்குப் பீ மூத்திரம் அள்ளிய கை இது. அதையெல்லாம் எவன் போட்டோ எடுத்தான்? புருஷன் ஜெரோமைப் பார்த்தாள். செல்போனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் மனுஷன்.

“நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்களா?”

“போட்டோல அப்படித்தானே தெரியுது, சௌந்தரி...”

அடப்பாவி மனுஷா!

சத்தம் கேட்டு மாமனார் சவுரிமுத்து உள்ளேயிருந்து வந்தார். மூணு வருஷமாக ஞாபகம் தப்பிப்போனவர். கண்ணீரும் கோபமுமாக நின்ற மகளைப் பார்த்ததும் அவருக்குக் கை கால் உதறியது.

“யாரும்மா நீ? ஏன் அழுவுற? என் பொண்டாட்டி அருளாயி எங்க? அருளாயிக்கு என்ன ஆச்சு?”

சுவரில் முட்டிக்கொள்ளப் போனவரை ஞானசௌந்தரி பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

“சொல்லு கிறிஸ்டினா! உங்கம்மா செத்துட்டாங்கன்னு நீயே சொல்லு! அழுற மொகத்தப் பார்த்தா இவரு இப்படித்தான் ஆயிடுவாரு. அன்னிக்கு ஊரே ஒப்பாரி வெச்சப்போ என் மொகத்தையே பார்த்துகிட்டு உக்காந்திருந்தாரு. முழுப் போட்டோவப் பாரு. நான் யாரு கையப் பிடிச்சிகிட்டு நிக்கிறேன்னு பாரு. நீ என் பல்ல மட்டும்தானே பார்த்த!”

கிறிஸ்டினா முழுப் போட்டோவைத் திறந்தாள்; அண்ணியின் கைக்குள் அப்பாவின் கை இருந்தது. அப்பா மகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்து விம்மினார். அவள் முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்தாள். உதடு கோணிக்கொண்டு போனது. இழுத்துப் பிடித்துச் சிரித்தாள்.

“அம்மா... பூசைக்குப் போயிருக்காங்கப்பா. வந்துருவாங்க.”

அவருடைய நடுக்கம் மெல்ல அடங்கியது. அவரும் சிரித்தார்.

“அண்ணி... என்னை மன்னிச்சிருங்க அண்ணி!”

காலில் விழப்போனவளைத் தூக்கி அணைத்துக்கொண்டாள் ஞானசௌந்தரி.

“நீ தூரத்துல இருக்க, உனக்குத் தெரியாது. உங்கண்ணனுக்கு என்ன கேடு? இருபத்தெட்டு வருஷமா இந்த மொகத்தப் பார்க்கிறாரே!”

ஜெரோம் அவள் கையைப் பிடிக்க வந்தார். தட்டிவிட்டாள்.

“உங்கப்பாவுக்கு இட்லி ஊட்டுங்க. சிரிச்சிகிட்டே ஊட்டணும். நான் மாடிக்குப் போறேன். முப்பது நாளாச்சு... எங்கத்தைக்கு நான் இன்னும் அழவே இல்ல!”