வரைபடத்தில் நின்ற புள்ளி

பிற்பகல் பணிக்கு இரண்டாம் அதிகாரி கப்பலின் மேல்தள அறைக்குள் வந்தபோது வெளியே கடலே இல்லை. வெள்ளைப் பனிமூட்டம் கண்ணாடி ஜன்னல்களில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றது. கப்பலின் சங்கு ஊதி ஓயும்போதெல்லாம் காதை அடைக்கும் மௌனம்.

அவள் மின்னணு வரைபடத்தின் முன் நின்றாள். கரையும் ஆழமும் காட்டும் அந்தத் திரையின்மேல், ரேடார் பிடித்த படத்தை மஞ்சளாகப் படியவிட்டிருந்தார்கள். கரைமேல் கரை, மிதவைமேல் மிதவை, பிசகாமல் பொருந்தியிருந்தது.

ஒன்று மட்டும் பொருந்தவில்லை.

கப்பலுக்கு நேர் எதிரே, வெறும் தண்ணீர் என்று வரைபடம் சொன்ன இடத்தில், ஒரு மஞ்சள் புள்ளி.

"சார், முன்னாடி ஏதோ இருக்கு."

கேப்டன் பக்கத்திலிருந்த ரேடார் திரையை எட்டிப் பார்த்தார். "இங்க ஒண்ணும் காணோமே. அலையா இருக்கும். அலையோட சிதறல் தெரியக் கூடாதுன்னுதான் ரேடாரோட கூர்மையைக் குறைச்சு வச்சிருக்கேன்."

"சின்ன மரப்படகுன்னா அதுவும் சேர்ந்து மறைஞ்சிடுமே சார்?"

"உன்னை விட்டா மீனுக்கெல்லாம் வழிவிட்டுட்டு நிப்பேம்மா. துறைமுக வாய்ல தண்ணி வத்திட்டா நாளைக்குத்தான் உள்ள விடுவாங்க."

அவள் வரைபடத்திலிருந்து ரேடார் படத்தை நீக்கினாள். கரையின் மஞ்சள் போனது. மிதவைகளின் மஞ்சள் போனது.

புள்ளி போகவில்லை.

ஜன்னலுக்கு வெளியே, ஆள் நிற்கவே இடமில்லாத உயரத்தில், யாரோ உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டினார்கள்.

ஒருமுறை.

இன்னொருமுறை, அவசரமாக.

"ஆண்டவனே… நிறுத்துறேன். நிறுத்திடுறேன்."

யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. கை தானாகப் போய் எஞ்சின் கைப்பிடியைப் பின்னோக்கி இழுத்தது. கப்பல் முழுக்க நடுங்கியது.

"யாரைக் கேட்டு…" என்று சீறிய கேப்டன் பாதியில் நின்றார்.

பனிக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது.

முன்பக்கத்துக்கு வெகு அருகில், மோட்டார் செத்துப்போன மரப்படகு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு மீனவரும் அவர் மனைவியும். கயிற்றேணி இறங்கியது. இருவரும் ஏறி வருவதைக் கேப்டனும் அவளும் ஜன்னல் வழியே பார்த்தார்கள். கேப்டன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ நிறுத்தினதாலதான் ரெண்டு உசிர் பிழைச்சுது," என்றார் மெல்ல.

கீழிருந்து சமையல்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ரெண்டு பேருக்கு டீ கொடுத்தாச்சும்மா. மூணாவது ஆள்தான் வாய் திறக்க மாட்டேங்கிறார். கையைத் தொட்டேன், பனிக்கட்டி. என்ன பண்ண?"

கேப்டன் அவளைப் பார்த்தார். கணவனும் மனைவியும் ஏறியபின் படகு காலியாகக் கிடந்ததை இருவருமே பார்த்திருந்தார்கள்.

இருந்தாலும் அவள் சொன்னாள்: "அவருக்கும் ஒரு கம்பளி கொடுங்க அண்ணே. நல்லாப் போர்த்தி விடுங்க."

துறைமுகத்தில் கணவனும் மனைவியும் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். மூன்றாவதாக யாரும் இறங்கவில்லை. சமையலறையில் அந்த மூன்றாவது கம்பளி, தண்ணீர் சொட்டச் சொட்ட, மடித்து வைக்கப்பட்டிருந்தது.

ரேடாரை அணைத்தார்கள். வரைபடத்தில் கப்பலைக் காட்டும் குறிக்கு நடுவே, மஞ்சள் புள்ளி அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.