பூட்ட முடியாத வீடு

வேலுத்தாயின் நாய் வேலுத்தாயைப் பார்த்து உறுமியது. முதன்முறையாக அந்த மலைக்கு வந்திருந்த பாண்டீஸ்வரியின் காலடியில் வாலைக் குழைத்துக்கொண்டு படுத்தது.

"ஒன்னய அதுக்குப் புடிச்சிருச்சுடி," என்றாள் வேலுத்தாய். சிரிக்கவில்லை.

ராசிங்காபுரத்தில் தன் கூடவே வளர்ந்த வேலுத்தாய், போடிமெட்டு தாண்டிக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய் நாலு வருடமாக ஊர்ப்பக்கமே எட்டிப் பார்க்கவில்லையே என்று, மகளைப் புருஷன் மகாராஜனிடம் விட்டுவிட்டு, தோட்டத்து ஆட்களை ஏற்றிவரும் ஜீப்பில் வந்திருந்தாள் பாண்டீஸ்வரி. வழியில் மழை. வேலுத்தாய் தன் சேலையைக் கட்டிக்கொள்ளக் கொடுத்து, ஈரச் சேலையைச் சுவரோரம் காயப்போட்டாள். அந்தச் சுவருக்கு அப்பால்தான் ஏலக்காய் உலர்த்தும் அறை; விறகடுப்பின் வெக்கை கல்லுக்குள் ஊறி வீட்டுக்குள் இறங்க, பச்சைக்காய் வாடும் வாசம் கண்ணைச் சொக்க வைத்தது. வெளியே பனிமூட்டம் செடிகளை ஒவ்வொன்றாக விழுங்கியபடி வாசல்வரை வந்து நின்றது.

"பாப்பாவ எப்பிடிக் கூப்புடுவ?"

"சுஜிதான்னு பேரு. செல்லமா சுச்சி."

"ஒனக்கு எந்தப் பக்கம் படுப்பா?"

"எடது பக்கம். என் காதப் புடிச்சாத்தான் தூக்கமே வரும்."

"எடது பக்கம். காது." வேலுத்தாய் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பாண்டீஸ்வரி எழுந்து ஈரச் சேலையைத் தொட்டுப் பார்த்தாள். "வெரசா கெளம்பணும்டி. நீயும் ஒருக்கா ஊருக்கு வாயேன்."

"இந்த வீட்டுல எப்பவும் ஒருத்தி இருக்கணும் பாண்டி. பூட்டிட்டுப் போக விடாது. நாலு வருசமா கத்திப் பாத்துட்டேன்."

"எது விடாது?"

 வேலுத்தாய் பாண்டீஸ்வரியின் கன்னத்தை மெல்லத் தடவிக்கொடுத்தாள். வெக்கை. வாசம். கண் செருகியது.

விழித்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. சுவரோரம் சேலை இல்லை. பை இல்லை. போன் இல்லை. பனிக்குள் எங்கோ ஜீப்பு இறங்கிப் போகும் சத்தம்.

வாசலுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டு மாயக்காள் விறகோடு போய்க்கொண்டிருந்தாள்.

"என்ன வேலு, ஒன் கூட்டாளி கெளம்பிட்டாளா? நாளைக்குப் பணி நெறையக் கெடக்கு."

"அக்கா, நா வேலு இல்லக்கா!"

குரல். அவள் குரல் இல்லை; வேலுத்தாயின் குரல்.

கையைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் ஏலக்காய்க் கறை. கல்லில் தேய்த்தாள். போகவில்லை. ரத்தம் வந்தது. கறை போகவில்லை.

வேலுத்தாயின் போன் ஜன்னலில் கிடந்தது. புருஷன் நம்பரை அடித்தாள். சிக்னல் இல்லை. அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். லைன் கிடைத்தபோது ராத்திரி எட்டு மணி தாண்டிவிட்டது. மகள் எடுத்தாள்.

"வேலு அத்தையா? போன்ல ஒங்க பேரு வருது."

"பாப்பா, நாந்தாண்டி. அம்மா."

"எங்கம்மா அப்பவே வந்துட்டாங்களே. எனக்குச் சோறு ஊட்டுறாங்க."

அந்தப் பக்கம் ஒருத்தி சிரித்தாள். பாண்டீஸ்வரியின் சிரிப்பு.

"அம்மா, அத்த அழுகுறாங்கம்மா."

"அழட்டும். நீ வாயத் தொற."

போனை யாரும் வைக்கவில்லை. மகள் சோற்றை மெல்லும் சத்தம் மட்டும் அவள் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.